அறுபத்திரண்டாம் பீப்பாய்

மூன்றாம் கூடத்தில் இருந்த பழைய இயந்திரத்தைக் கழற்றி அப்புறப்படுத்துவது என்று முடிவுசெய்ய, தென்கரை அணுக்கனிம ஆய்வு நிலையத்துக்குப் பதினோரு வருடம் ஆனது. முடிவு கையெழுத்தான மறுநாளே அவசரம் வந்துவிட்டது. தொண்ணூறு நாளில் வேலை முடிய வேண்டும், தலைமையகத்திலிருந்து தலைவரே வந்து லாரிக்குக் கொடியசைப்பார் என்று தாக்கீது வந்தது.

அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவர் ஞானதாசன். கீழமணல்துறைக்காரர், வயது ஐம்பத்திரண்டு. அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் கட்டுமரத்தில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்துகொண்டார். கருமணலிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும் ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு பெரிய அமிலத் தொட்டியும், அதனோடு சேர்ந்த பம்புகளும் குழாய்களும் இருந்தன. தொட்டிக்கு அடியில் படிகிற சேற்றைச் சுரண்டி எடுப்பது ஞானதாசனுடைய வேலை. இயந்திரத்துக்கு நிலையத்தின் ஏட்டில் எண் இருந்தது, அது வந்து இறங்கிய தேதி இருந்தது. ஞானதாசனுக்கு ஒப்பந்தக்காரரின் நோட்டில் பெயர் இருந்தது. அதிலும் 'ஞானதாஸ் உட்பட 18 பேர்' என்றுதான் இருந்தது.

இதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நிலையத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. அதற்குக் காரணம் பேட்ஜ். சட்டைப்பையில் குத்திக்கொள்கிற சிறிய பிளாஸ்டிக் அட்டை அது. உள்ளே சின்னச்சின்ன வில்லைகள் இருக்கும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்பது அதில் பதிந்துகொண்டே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பிரிவில் அதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும். பழையதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் படிப்பார்கள், அளவு கூடியிருந்தால் ஆளை உடனே வெளியே எடுத்து வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லித்தந்தவர் முருகதாஸ். அவரும் அந்த வருடம்தான் இளநிலைப் பாதுகாப்பு அதிகாரியாக நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். இப்போது பாதுகாப்புப் பிரிவுக்கே தலைவர்.

ஞானதாசன் கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியமும் நெஞ்சில் பேட்ஜும் இல்லாமல் கூடத்துக்குள் போனதில்லை. இரண்டும் தன்னைப் பார்த்துக்கொள்கின்றன என்று நம்பினார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அவரை வெளியே எடுத்து வேறு வேலைக்கு மாற்றவில்லை. அப்படியானால் உடம்பு பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

போன வருடம் அவரோடு அதே தொட்டியில் இறங்கி வேலை செய்த சிலுவைமுத்துவுக்கு ரத்தத்தில் கோளாறு வந்தது. திருவனந்தபுரத்தில் ஐந்து மாதம் வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. அவன் மனைவி வியாகுலம்மாள் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். கூடத்தில் செய்த வேலையால்தான் தன் புருஷன் செத்தான் என்பது மனு. இரண்டு வாரம் கழித்து முருகதாஸ் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஞானதாசனையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சிலுவைமுத்து வாங்கிய மொத்தக் கதிர் அளவு பூஜ்யம் என்று அந்தக் காகிதத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

வியாகுலம்மாள் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஞானதாசனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இது உள்ளதுதானா அண்ணே?"

"பேட்ஜ் கள்ளம் சொல்லாது பிள்ளே. எனக்கும் அதே பேட்ஜுதான்," என்றார் ஞானதாசன்.

முருகதாஸ் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மனு திரும்பப் பெறப்பட்டது. ஒரு சண்டையைப் பேசித் தீர்த்துவைத்த திருப்தியோடு ஞானதாசன் வீட்டுக்கு வந்தார்.

இது நடந்து எட்டு மாதம் கழித்துத்தான் இயந்திரத்தை அகற்றும் வேலை தொடங்கியது. தொடங்குவதற்கு ஒரு விழா வைத்தார்கள். மூன்றாம் கூடத்துக்கு வெளியே முந்நூறு மீட்டர் தள்ளிப் பந்தல் போட்டிருந்தது. இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"இந்த நிலையத்தில் நான் ஒன்பது ஆண்டுகளாக இயக்குநர். மூன்றாம் கூடத்துக்குள் ஒருமுறைகூட நான் காலடி வைத்ததில்லை. பாதுகாப்பு விதிகளை அந்த அளவுக்கு மதிப்பவன் நான்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஞானதாசனும் தட்டினார்.

அகற்றும் நடைமுறையைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தொழிலாளிகள் அதைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பதினேழு பேரும் போட்டார்கள். பிறகு முருகதாஸ் அதன் சாரத்தைத் தமிழில் சொன்னார். இயந்திரத்தைத் தொட்டது கழிவு, கழிவைத் தொட்டதும் கழிவு, அவ்வளவுதான்.

விதி எளிமையாக இருந்தாலும் பின்பற்றுவது சிரமமாக இருந்தது. ஒரு குழாயைக் கழற்றிய ஸ்பானர் கழிவாயிற்று. அந்த ஸ்பானரை வைத்த மேசை கழிவாயிற்று. மேசையின் மேல் கழிவுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த எழுத்தரின் பேனாவும் பட்டியலும் கழிவாயின. பட்டியலைப் பட்டியலில் சேர்க்க இன்னொரு பட்டியல் தேவைப்பட்டது. பதினான்கு பீப்பாய் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இரண்டாம் வாரத்திலேயே முப்பதைத் தாண்டியது.

நடுவில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். தச்சர்களை வைத்து ஒட்டுப்பலகையில் தொட்டியைப் போலவே ஒன்று செய்தார்கள். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை அசல் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஒத்திகை பிரமாதமாக நடந்தது. ஆனால் பலகைத் தொட்டி இரண்டு நாள் மூன்றாம் கூடத்தில் இருந்துவிட்டதே, அதனால் அதுவும் கழிவு என்றார் முருகதாஸ். அதை அறுத்துப் போட ஒன்பது பீப்பாய் ஆனது. அறுத்த ரம்பத்துக்குப் பத்தாவது.

வாசலில் புதிதாக ஒரு கதவு நட்டார்கள். உள்ளேயிருந்து வருகிறவர் அதன் வழியாக நடந்தால், உடம்பிலோ உடையிலோ கதிர்த்தூசி இருந்தால் அது கத்தும். முதல் நாள் அது எல்லோரையும் பார்த்துக் கத்தியது. தொழிலாளிகளைப் பார்த்துக் கத்தியது, காவலரைப் பார்த்துக் கத்தியது, டீ கொண்டுவந்த பெண்ணைப் பார்த்துக் கத்தியது. எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்த இயக்குநரைப் பார்த்தும் கத்தியது. அன்று மாலையே குழு கூடி, கருவி தேவைக்கு அதிகமாக உணர்ச்சிவசப்படுகிறது என்று தீர்மானம் போட்டது. மறுநாள் பொறியாளர் ஒருவர் வந்து, இயக்குநர் சத்தமில்லாமல் கடந்துபோகும்வரை ஒரு திருகைத் திருகினார். அதற்குப் பிறகு கதவு யாரைப் பார்த்தும் கத்தவில்லை. கதவு கத்தாததால் எல்லோரும் சுத்தமானவர்கள் என்று ஞானதாசன் வீட்டில் சொன்னார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

வடக்கே இருக்கும் கழிவுக் கிடங்குக்கு லாரி எந்த வழியாகப் போவது என்பதற்கு நான்கு கூட்டம் நடந்தது. களியக்காவிளை வழியாகப் போனால் எந்நேரமும் நெரிசல், வாழைக்குலை லாரிகளுக்கு நடுவே அணுக்கழிவு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டிவரும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஆரல்வாய்மொழி வழியாகப் போனால் காற்றாலைகள் இருக்கின்றன, காற்று அதிகம் என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். மூடி முத்திரையிட்ட பீப்பாயைக் காற்று என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆரல்வாய்மொழி என்று முடிவாயிற்று. இயக்குநரின் மாமனார் வீடு அந்த வழியில் இருந்தது என்று சிலர் சொன்னது வெறும் பேச்சாக இருக்கலாம்.

எண்பத்தெட்டாம் நாள் மூன்றாம் கூடத்தில் ஒரே ஒரு பொருள் மிச்சம் இருந்தது. மூலையில் நின்ற இரும்பு அலமாரி. பூட்டியிருந்தது. சாவி யாரிடமும் இல்லை என்றார்கள்.

முருகதாஸ் அன்று வழக்கத்துக்கு மாறாகக் கூடத்தின் வாசல்வரை வந்தார். அலமாரியைத் திறக்க வேண்டாம், அப்படியே பீப்பாயில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அலமாரி ஆறடி உயரம், பீப்பாய் மூன்றடி. ஞானதாசன் அளந்து பார்த்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப்படி, அறுத்துப் போடுவதுதான் முறை என்று முடிவுசெய்தார். கட்டர் இயந்திரத்தை வைத்துக் கதவின் கீலை அறுத்தார். கதவு சாய்ந்தது.

உள்ளே ஐந்து தட்டு. ஐந்திலும் பழுப்பு உறைகள், நூல் போட்டுக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு கட்டாக வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் வருடமும் மாதமும் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒரு கட்டை அவிழ்த்தார். பேட்ஜ்கள். மேலே இருந்ததில் 'ஞானதாஸ்' என்று ஒட்டியிருந்தது.

சற்று நேரம் அவருக்கு விளங்கவில்லை. ஆய்வகத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்தார். பிறகு இன்னொரு கட்டை அவிழ்த்தார், இன்னொன்று. எந்த உறையிலும் அஞ்சல் முத்திரை இல்லை. எந்தப் பேட்ஜின் மூடியும் திறக்கப்படவில்லை. பிளாஸ்டிக்கின் இடுக்கில் அவர்கள் தொட்டியிலிருந்து ஏறி வந்தபோது ஒட்டிய கருஞ்சேறு அப்படியே காய்ந்து இருந்தது. அவிழ்த்த ஒவ்வொரு கட்டிலும் சிலுவைமுத்துவின் பேட்ஜும் இருந்தது. அவன் எப்போதும் பேட்ஜின் பின்பக்கம் பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை போடுவான். எல்லாவற்றிலும் சிலுவை இருந்தது.

மேலுறையையும் கையுறையையும் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, அந்தக் கத்தாத கதவைக் கடந்து, பாதுகாப்புப் பிரிவுக் கட்டடத்துக்கு நடந்தார். முருகதாஸின் அறைக்குள் அவர் அதுவரை போனதில்லை. முருகதாஸ் அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இருங்கண்ணே," என்றார். சாதாரண நாளில் 'ஞானதாசன்' என்றுதான் கூப்பிடுவார்.

ஞானதாசன் உட்காரவில்லை. "சாரே, அது ஒண்ணும் படிக்க போகல்லியா?" என்று கேட்டார்.

முருகதாஸ் பொய் சொல்லவில்லை. பொறுமையாக விளக்கினார். பேட்ஜ் வாங்குவதற்கு நிலையத்தின் நிதி ஒதுக்கீட்டில் இடம் இருந்தது, எல்லோருக்கும் வாங்கலாம். படிப்பதற்கு நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளிகளுடையதைப் படிக்க அனுமதி கேட்டு அவர் முதல் மூன்று வருடம் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். ஆனால் ஒரு பேட்ஜைக்கூடத் தூக்கிப் போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கையாலேயே கட்டி, தேதி எழுதி, பத்திரமாக வைத்தார். தன் கட்டடத்தில் இடம் இல்லாமல் போனபோது அலமாரியோடு தூக்கவைத்து மூன்றாம் கூடத்துக்கு மாற்றினார். அதிகாரிகள் யாரும் நுழையாத இடம், அதைவிடப் பத்திரமான இடம் நிலையத்தில் இல்லை.

"அப்போ சிலுவைமுத்துக்க பேப்பர்ல பூஜ்யம்ன்னு போட்டிருந்ததே?"

"அது நான் போட்டதில்லண்ணே. எண் இல்லாத இடத்துல கம்ப்யூட்டர் தானா பூஜ்யம் போடும்."

"நான் அத நம்பித்தான் வியாகுலத்துக்கிட்ட சொன்னேன், சாரே. நீங்க பக்கத்துல நிண்ணியளே."

முருகதாஸ் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி வைத்தார். "நீங்க சொன்னதுனாலதானே அவளும் சமாதானமா இருக்கா," என்றார். "உங்களுக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு."

ஞானதாசனுக்கு அந்த மனிதரின் முதல் நாள் ஞாபகம் வந்தது. தொட்டிக்குள் இறங்கப் பயந்து நின்ற தன்னுடைய தோளில் கைபோட்டு, இது இருக்கும்வரை பயம் வேண்டாம் என்று சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டவர் இவர்தான். அன்றைக்கே இவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எழுபதுக்கு மேற்பட்ட தடவை முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்திருக்கிறார். ஞானதாசன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அன்று மதியம் அவசரக் குழு கூடியது. நேரடியாகக் கண்ட ஆள் என்பதால் ஞானதாசனையும் கூப்பிட்டு, முதன்முதலாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். இயக்குநர் உணர்ச்சியோடு பேசினார்.

"இதை ஒரு குறையாகப் பார்க்கக் கூடாது. படிக்காத பேட்ஜில் அளவு அதிகமாக இருக்கிறது என்று யாராவது நிரூபிக்க முடியுமா? முடியாது. பேட்ஜ் எதற்காக? தொழிலாளிக்குத் தைரியம் கொடுப்பதற்காக. அந்தத் தைரியத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு காலாண்டுகூடத் தவறாமல் இந்த நிலையம் வழங்கியிருக்கிறது. படித்திருந்தால் அந்தத் தைரியம் நீடித்திருக்குமா என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்."

இது அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று. பேட்ஜ்கள் மூன்றாம் கூடத்துக்குள் இருந்தவை, எனவே விதிப்படி அவையும் கழிவு, மற்றக் கழிவோடு சேர்த்து நாளை அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அறுத்த அலமாரியின் துண்டுகளோடு அறுபத்தொரு பீப்பாய் ஏற்கனவே முத்திரையிட்டுத் தயாராக நின்றன. இது அறுபத்திரண்டாவது.

மறுநாள் காலை ஞானதாசன் அந்தப் பீப்பாயை நிரப்பினார். மற்றவர்கள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றார். ஒவ்வொரு கட்டாக எடுத்து, எண்ணி, அடுக்கினார். சிலுவைமுத்துவினுடையதில் ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கையும் போனது. ஆனால் அது வெளியே கொண்டுபோகக் கூடாத பொருள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் பீப்பாயிலேயே போட்டார்.

பீப்பாய்க்கு ஒரு படிவம் உண்டு. உள்ளே இருப்பது என்ன என்பதை, அதைத் தன் கையால் நிரப்பிய தொழிலாளிதான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே ஏழு அதிகாரிகள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பிரதி. வெள்ளை நிலையத்துக்கு, ரோஸ் லாரியோடு போகும், மஞ்சள் நிரப்பியவருக்கு. முந்தைய அறுபத்தொரு படிவத்திலும் 'உலோகம்' என்றோ 'கலவை' என்றோ முருகதாஸ் சொன்னதை அப்படியே எழுதியவர் ஞானதாசன். இதற்கு 'பிளாஸ்டிக்' என்று போடச் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் வந்து இறங்கிவிட்டார், செண்டை மேளம் கேட்டது. அதிகாரிகள் எல்லோரும் பந்தலுக்கு ஓடினார்கள். ஞானதாசன் கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின் மேல் படிவத்தை வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்.

'மூன்றாம் கூடத்தில் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளிகளின் பேட்ஜ். எண்ணிக்கை 1351. ஒன்றுகூடப் படிக்கவில்லை. அதில் சிலுவைமுத்துவின் பேட்ஜ் 71. சிலுவைமுத்து இறந்துபோனான். அவன் அளவு பூஜ்யம் என்று சொன்னது சரியில்லை. சொன்னவர்களில் நானும் ஒருவன். ஞானதாசன், கீழமணல்துறை.'

பெயரைத் திருத்தமாக எழுதினார்.

படிவத்தைப் பந்தலுக்குக் கொண்டுபோனார். தலைவர் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது. ஏழு அதிகாரிகளும் வரிசையாக நின்று புகைப்படக்காரரைப் பார்த்தபடியே, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முருகதாஸ் நான்காவது. ஒருவரும் படிக்கவில்லை. இயக்குநர் மட்டும் கையெழுத்துப் போடும் முன்பு ஒரு நொடி நிறுத்தி, "மற்றவர்கள் எல்லோரும் போட்டாயிற்றா?" என்று கேட்டுவிட்டுப் போட்டார்.

லாரி பதினோரு மணிக்குக் கிளம்பி ஆரல்வாய்மொழிப் பக்கம் போனது. தொழிலாளிகள் எல்லோருக்கும் பாராட்டுச் சான்றிதழும் ஒரு சில்வர் டிபன் பாத்திரமும் கொடுத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். மூன்றாம் கூடமே இல்லாதபோது மூன்றாம் கூடத்துத் தொழிலாளிகள் எப்படி இருக்க முடியும்.

ஞானதாசன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக வியாகுலம்மாளின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியைத் திறந்ததிலிருந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் மீனைக் கிளறுவதை நிறுத்தவில்லை. கடைசியில்தான் நிமிர்ந்தாள்.

"அண்ணைக்கு நீங்க எனக்கிட்ட என்ன சொன்னிய அண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க. எனக்கு ஒருக்கா கேக்கணும்."

"பேட்ஜ் கள்ளம் சொல்லாதுன்னு சொன்னேன்."

"பேட்ஜ் சொல்லல்ல," என்றாள் வியாகுலம்மாள். "அது வாய மூடிக்கிட்டு பெட்டிக்குள்ள கெடந்திருக்கு. நீங்கதான் சொன்னிய."

அவர் மஞ்சள் காகிதத்தை நீட்டினார். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

இருவரும் நாகர்கோவிலுக்குப் போய்த் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். மனு நிலையத்துக்குப் போனது. ஐம்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்றாம் கூடத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரின் கதிர் அளவும் முறைப்படி பதிவு செய்யப்படுகிறது, ஞானதாசன், சிலுவைமுத்து ஆகிய பெயர்களில் எந்த அளவும் பதிவாகவில்லை, எனவே இவ்விருவரும் மூன்றாம் கூடத்தில் பணிபுரிந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அதில் இருந்தது. கடிதத்தைப் பிரித்துத் தபால்காரரையே படிக்கவைத்த ஞானதாசன், தன் பத்தொன்பது வருடம் எங்கே போனது என்று அவரிடம் கேட்டார். தபால்காரர் அடுத்த வீட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நிலையத்தின் சார்பில் முருகதாஸ் வந்திருந்தார். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி, பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கூடத்தில் வேலை செய்ததற்கு உங்களிடம் ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டபோது, வியாகுலம்மாள் சுருக்குப்பையைத் திறந்து மஞ்சள் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதிகாரி சத்தமாகப் படித்தார். கீழே இருந்த ஏழு பெயரையும் படித்தார். நான்காவது பெயரைப் படித்துவிட்டு முருகதாஸை நிமிர்ந்து பார்த்தார்.

முருகதாஸின் முகம் வெளிறியது. பிறகு பழக்கம் கைகொடுத்தது. கைப்பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையையும் ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்தார். அந்தக் காகிதம் அறுபத்திரண்டாம் பீப்பாயின் அருகில் இருந்த பொருள், பொதுமக்களின் நலன் கருதி அதை உடனடியாக நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். பீப்பாயைத் திறந்து பேட்ஜ்களைப் படிக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். மூடிய பீப்பாயை முந்நூறு வருடத்துக்குத் திறக்கக் கூடாது என்று விதி இருப்பதாகவும், அதற்குப் பிறகு தங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்றும் முருகதாஸ் சொன்னார்.

அதிகாரி காகிதத்தைக் கொடுக்கவில்லை. பிரதி எடுக்கச் சொல்லி, பிரதியில் முத்திரை குத்தி, அசலை வியாகுலம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். பீப்பாயைத் திறக்கச் சொல்லி மேலே எழுதுவதாகச் சொன்னார். எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அடுத்த விசாரணை.

வெளியே வராந்தாவில் முருகதாஸ் ஞானதாசனை வழிமறித்தார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார். "பத்தொன்பது வருஷப் பழக்கம். நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்."

ஞானதாசன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாகுலம்மாள் படியிறங்கிப் போய்விட்டாள் என்று கண்டதும் அவரும் இறங்கிப் போனார்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் தனியே நின்றாள். அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். கோட்டாற்றுப் பக்கமிருந்து கூட்டத்தோடு வந்த இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. அவள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"இனி எனக்கு வேண்டி நீங்க பேசண்டாம். பேப்பர் எனக்க கையில இருக்கு, நானே பேசிக்கிடுதேன்."

"செரி பிள்ளே."

"மன்னிச்சாச்சுன்னு நினைக்கண்டாம்."

"இல்ல."

தலையைத் திருப்பாமலே, "நீங்க ரெத்தம் சோதிச்சியளா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றார்.

"அவருக்கு மொதல்ல ஈறுலதான் வந்துச்சு," என்றாள் வியாகுலம்மாள். "பல்லு தேய்க்கச்சில செவப்பா வரும். பிரஷ் கொள்ளாதுன்னு மாத்திக்கிட்டே இருந்தாரு. நாளைக்கே போய் பாருங்க."

கீழமணல்துறைப் பேருந்து வந்தது. அவள் முன்வாசலில் ஏறி, பெண்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். ஞானதாசன் பின்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றார். நடத்துநர் இரண்டு தடவை சீட்டுக் கேட்டார். அவர் காதில் விழவில்லை. வாயை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியால் மேல் ஈறையும் கீழ் ஈறையும் மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தபடியே இருந்தார்.